ஆறு மணிப் பெட்டி

ஸ்ரீதேவி என்னை விட்டுப் போன அதே வாரத்தில் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கை முழுக்க அழித்தேன். கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை, டிஸ்க்தான் கைக்கு எட்டியது. கல்யாண போட்டோக்கள், அவள் டைப் அடித்து வைத்திருந்த பரீட்சைக் கேள்வித்தாள்கள், கூடவே விண்டோஸ், எல்லாம் போயிற்று. காலி டிஸ்கில், விண்டோஸுக்குப் பதிலாக எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன். இனி எவன் தயவும் எனக்கு வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. அது 2006 ஜனவரி.

அழிந்ததில் பதினெட்டு நொடி ஓடும் ஒரு குரல் பதிவும் இருந்தது. அது எனக்கு உறைக்க இரண்டரை வருடம் ஆயிற்று. காரணம், அந்தக் குரல் தினமும் மாலை ஆறு மணிக்கு ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது.

சுனாமிக்கு அடுத்த வருடம், கோவளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பெட்டி செய்து கொடுத்தேன். நான் ராமானுஜம், மதுராந்தகத்துக்காரன், சிறுசேரியில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை. பெட்டிக்குள் ஒரு சிப், வெளியே கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்த வேண்டும், சைரன் ஊதிவிட்டுப் பேசும். பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க தினமும் ஆறு மணிக்கு ஒரே ஒரு மணி அடித்துவிட்டு அதே வார்த்தைகளைச் சொல்லும்.

பேசியது ஸ்ரீதேவி. அப்போது அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். குப்பத்துப் பெண்கள் குழுத் தலைவி தனக்கோடி, மீன் விற்கிறவள், பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தினாள். ரேடியோப் பேச்சு வேண்டாம், ஓடுகிறவன் காதில் எங்கள் பேச்சுதான் ஏறும் என்பது அவள் கட்சி. கடைசி வரி அவள் கேட்டுப் போட்டது. சுனாமி அன்று, காய்ச்சலில் படுத்திருந்த நாத்தனாரை வீட்டில் விட்டுவிட்டு ஓடியவள் அவள்.

"கடல் உள்ள வருது. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சாமான எடுக்க நிக்காதீங்க. யாரையும் வூட்ல தனியா வுட்டுட்டு வராதீங்க."

சிப்பில் ஏற்றி முடித்ததும் தொழில் வழக்கப்படி அதற்குப் பூட்டும் போட்டேன். எவனும் காப்பி அடிக்கக் கூடாதே. இந்தக் குப்பத்தில் யார் இதைத் திருடப் போகிறார்கள் என்று ஸ்ரீதேவி கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

அவள் போனதற்கும் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான்கு நாள் பேசாமல் இருப்பேன், ஐந்தாம் நாள் கத்துவேன். எத்தனை வருடம்தான் ஒருத்தி இதைப் பொறுப்பாள்? கூடுவாஞ்சேரியில் வேறு பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் போகவில்லை. நம்பர் இருந்தது, கூப்பிடவும் இல்லை. ஆபீஸில் என்ன வேலை இருந்தாலும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, ஆறு மணிக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அந்தப் பதினெட்டு நொடிக்காகத்தான் அன்றன்றைய நாளை ஓட்டினேன்.

2008 ஆடித் திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்ட வந்த எல்லப்பன், கரண்ட் ஒயரைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் ஒயரில் முறுக்கிவிட்டான். புகை வந்தது. அன்று ஆறு மணிக்குப் பெட்டி பேசவில்லை. எல்லப்பனை நான் திட்டிய திட்டை இன்றைக்கும் குப்பத்தில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பெட்டியைக் கழற்றி வந்து சோதித்தேன். சிப்பின் கம்பிக் கால்களில் குரல் வெளியே வரும் ஒன்று மட்டும் கருகியிருந்தது. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது. வாய் போய்விட்டது, ஞாபகம் இருக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் பெட்டி ஏறியாக வேண்டும் என்றாள் தனக்கோடி. புதுச் சிப் என்னிடம் இருந்தது, குரல்தான் இல்லை. வேண்டுமானால் தானே பேசித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்தக் குரல் வேண்டும். அது உலகத்தில் வேறெங்கும் இல்லை, இந்தச் செத்த சிப்புக்குள்தான் இருந்தது. கேபிளை மாட்டி, உள்ளே இருப்பதைப் படித்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. சிப்பில் எழுதவும் படிக்கவும் நான் வைத்திருந்தது ஒரு யுஎஸ்பி கேபிள். அதனுடன் வந்த சிடி விண்டோஸுக்கானது. அதைத்தான் நான் வீராப்பாக அழித்துவிட்டேனே. லினக்ஸுக்கென்று கேபிள் கம்பெனி கொடுத்திருந்த டிரைவர், அதாவது கம்ப்யூட்டரைக் கேபிளோடு பேச வைக்கும் புரோகிராம், இயங்குதளத்தின் உள்ளறையான கர்னலுக்குள் புகுந்துதான் வேலை செய்யும். கர்னல் ஒரு பதிப்பு புதிதானாலும் போச்சு, உள்ளேயே விடாது. தலைகீழாக நின்று பார்த்தேன், நடக்கவில்லை. எழுதிக் கேட்டதற்குக் கம்பெனி பதிலே போடவில்லை. நாசமாய்ப் போங்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட்டில் ஒன்று அகப்பட்டது. எந்த ஊர்க்காரனோ, முகம் தெரியாதவன், அதே கேபிளுக்கு ஒரு டிரைவர் எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுத்திருந்தான். அது உள்ளறைக்குப் போவதே இல்லை. மற்ற சாதாரண புரோகிராம்களைப் போல வெளியே இருந்தபடியே கேபிளோடு பேசிவிடும். அதில் பூட்டு எதுவும் இல்லை, ஒவ்வொரு வரியும் திறந்து கிடந்தது.

இறக்கி ஓட்டினேன். அனுமதி இல்லை என்றது. என் வீடு, என் கம்ப்யூட்டர், என் கேபிள், எனக்கே அனுமதி இல்லையாம்! மேஜையில் ஒரு குத்து விட்டேன். பிறகுதான் அந்த ஆள் குறிப்பில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். இந்தக் கேபிளைச் சாதாரண ஆளும் தொடலாம் என்று ஒரு விதிக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சிப்பின் பெயர் திரையில் வந்தது.

"தேவி, இங்க வந்து பாரேன்" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன்.

அடுக்களையில் காலைப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, படி என்று கட்டளை கொடுத்தேன்.

நூறு சதவீதம் என்று வந்தது. கோப்பைத் திறந்தேன். பூஜ்யம் பூஜ்யம், ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு, மூன்று மூன்று. பக்கம் பக்கமாக அதேதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண் எழுதிப் பழகிய மாதிரி. இது ஏன் இப்படி என்று இரண்டு நிமிடம் விழித்தேன். அப்புறம் நினைவு வந்தது. பூட்டிய சிப்பைப் படித்தால் இப்படித்தான் வெறும் எண்ணை நீட்டும். பூட்டைத் திறக்க ஒரே வழி உள்ளே இருப்பதை அழிப்பது. பூட்டியது நான். திருட வந்தவனும் நான் ஒருவன்தான்.

அந்த நேரம் பார்த்துத் தனக்கோடி வந்து நின்றாள். கோபத்தை அவள் மனதில் வைத்துக்கொள்வதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், டிஸ்கை அழித்தது உட்பட.

"அதுக்கு ஏன் சார் இம்மாம் பேஜாரு? டீச்சரம்மாவ போன்ல பேசச் சொல்லி புடிச்சிக்கினா ஆச்சு. மாசா மாசம் எங்கூட பேசிக்கினுதான கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதா மாதமா? என்ன பேசுவாள் என்று கேட்டேன். பெட்டி பேசுகிறதா என்று கேட்குமாம். சார் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றும் கேட்குமாம். சொல்லிவிட்டுத் தனக்கோடி கிளம்பிப் போனாள். நான் ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்ப்யூட்டர் மைக்குக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்து, பதிவை ஓடவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"சொல்லுங்க."

விஷயத்தைச் சொன்னேன். ஆபீஸில் பேசுகிற மாதிரி பேசினேன், வேறு மாதிரி எனக்கு வரவில்லை. பூட்டைப் பற்றியும் சொன்னேன்.

"நீங்க போட்ட பூட்டுதானே?"

"ஆமாம்."

மேற்கொண்டு அவள் குத்திக் காட்டவில்லை. வார்த்தைகளைப் படித்துக் காட்டட்டுமா என்றேன். மறக்கவில்லை என்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். கடல், பள்ளிக்கூடம், சாமான், எல்லாம் அதே நிதானம். கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "யாரையும் வூட்ல தனியா வுட்டுட்டு வராதீங்க."

பிறகு கேட்டாள். "அவ்ளோதானே? வேற ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. இரண்டரை வருடத்துப் பேச்சு இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மறுபடி திரும்பியபோது இணைப்பு அறுந்திருந்தது. உடனே வைத்துவிட்டாள் என்று நினைத்தேன், கோபமாகக்கூட இருந்தது.

பதிவை வெட்டி எடுக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன பிறகும் லைன் திறந்தே இருந்திருக்கிறது. லேசான இரைச்சல், தூரத்தில் அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம், ஒருமுறை அவள் மூச்சு. பதினோரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் வைத்திருக்கிறாள். திரும்பத் திரும்ப அளந்து பார்த்தேன், பதினொன்றேதான்.

நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதை மட்டும் வெட்டி எறிந்தேன். அந்தப் பதினோரு நொடியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. சிப்பில் இடம் இருந்தது. அதையும் சேர்த்தே புதுச் சிப்பில் ஏற்றினேன். இந்த முறை பூட்டுப் போடவில்லை.

மறுநாள் பெட்டியைக் கம்பத்தில் ஏற்றினோம். ஆறு மணிக்கு மணி அடித்தது, ஸ்ரீதேவி பேசினாள். போன் வழியாக வந்ததில் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. பேசி முடித்த பிறகும் ஸ்பீக்கர் அணையவில்லை. தனக்கோடி கூடையை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா சார், கடைசில வெறுமனே உஸ்ஸுன்னுகினு கீது?"

"அது டீச்சரம்மாதான். போனை வைக்காம இருக்காங்க."

"அப்ப நீ ஏன் சார் சும்மா நிக்கிற? பேசு."