அடுப்புச் சூடும் உடம்புச் சூடும்

இரண்டாவது கேக்கும் நடுவில் குழி விழுந்து வெளியே வந்ததும் கணவர் நந்தகோபால் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஓட்டத்த விடு யோகா. காலையில ஓடி ஓடி உடம்புல சூடு ஏறிக் கிடக்கு. அதான் கை பிழைக்குது."

யோகலட்சுமி வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ரூபினாவின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கேக் இவள் பொறுப்பு. "அந்தக் கேக்கும் உக்காந்துட்டுன்னா ஓட்டத்த விட்டுருதேன்" என்று வாய் கொடுத்துவிட்டாள். அதுவரைக்கும் ஓடுவதில்லை என்றும் சொன்னாள்.

சொன்னபிறகு வலித்தது. மாதவிலக்கு தாறுமாறாகி, தூக்கம் கெட்டு, பழைய ரவிக்கைகள் எல்லாம் இறுகிப்போன நாட்களில் தொடங்கிய ஓட்டம் அது. முதல் நாள் சுடிதாரும் ஷூவுமாகத் தெருவில் இறங்கியபோது டீக்கடை சுடலைமணி கத்தினான்:

"அக்கா, கழுகுமலை பஸ்ஸு போயிட்டு. இனி ஓடிப் பிரயோஜனம் இல்ல!"

"அடுத்த பஸ்ஸுக்கு இப்பமே ஓடுதேன்லே" என்று சொல்லிவிட்டுக் கண்மாய்க் கரை வரை போய் வந்தாள். திரும்பும்போது மூச்சு முட்டியது. ஆனால் அன்றைக்குத் தூங்கினாள்.

கேக் சுட்டுக் கொடுப்பது அதற்கும் வெகுகாலம் முந்தியது. ஓவனின் திருகியில் எண்கள் தேய்ந்து மறைந்துவிட்டன. அவளுக்கு எண்கள் வேண்டியதும் இல்லை. கதவைத் திறந்து முன்கையை நீட்டுவாள். தோல் சுரீரென்றால் மாவுத் தட்டை உள்ளே வைப்பாள். நடுவில் வெக்கை கூடினால் திருகியைக் குறைப்பாள். இந்த இரண்டு கேக்குக்கு முன்னால் அந்தக் கை ஏமாற்றியதில்லை.

ஞாயிறு விடியலில் மாவைக் கலந்து ஓவனைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் வியர்வை வழிந்தது. காது மடல் எரிந்தது. கையை நீட்டினாள். சுரீரென்றது. தட்டைத் தூக்கினாள்.

அந்நேரம் ரூபினா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"ரூபினா, அந்த சன்னலத் திற. ஓவன் கொதிக்குது."

"எங்கனக்கா கொதிக்குது? எனக்குப் பல்லு கிட்டுது." ரூபினா குளிர்காய்வதுபோல ஓவனுக்குள் கையை நீட்டினாள். "இன்னும் சூடே ஏறலியே!"

யோகலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள். இந்த வாரம் முழுக்க அவள் ஓடவில்லை. ஆனாலும் உடம்பு எரிகிறது. எரிவது ஓவன் இல்லை, அவள். தன் வெக்கையை ஓவன் வெக்கை என்று நம்பி, அந்த இரண்டு தடவையும் சூடேறும் முன்னே மாவை வைத்திருக்கிறாள். வெந்துகொண்டிருக்கும்போதே திருகியைக் குறைத்திருக்கிறாள்.

"இங்கன வாங்க. கைய நீட்டுங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

"என்ன, சூடு போடப் போறியா?"

"நீட்டுங்கன்னா."

"வெதுவெதுன்னு இருக்கு. ஒண்ணும் செய்யல."

காத்திருந்து மறுபடி நீட்டச் சொன்னாள். மூன்றாவது தடவை, "ஆத்தி, முடி கருகுதுடி!" என்று அவர் கையை இழுத்தார். அப்போதுதான் தட்டு உள்ளே போனது.

பிறகு ஷூவை எடுத்து மாட்டினாள்.

"ஏட்டி, இந்நேரம் எங்க போற?"

"ஓடப் போறேன். இங்கன நின்னா என் கை தானா திருகிக்குப் போயிரும். வாசனை வந்து மேல் சிவந்ததும் அணைங்க. அதுவரைக்கும் நானே வந்து கேட்டாலும் தொட விடாதீங்க."

கரிசல் காட்டுப் பாதையில் பருத்திச் செடிகளுக்கு நடுவே ஓடும்போது அந்த வெக்கை மறுபடி வந்தது. முதுகு நனைந்தது. அவள் நிற்கவில்லை. இங்கே குறைக்க எந்தத் திருகியும் இல்லை. கண்மாய்க் கரை ஏறி இறங்கும்போது காற்று பட்டுத் தானாகவே அடங்கியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஓவனுக்கு முன்னால் நாற்காலி போட்டு நந்தகோபால் காவல் இருந்தார். மேஜையில் கேக் நடுவில் மேடாக எழும்பி நின்றது.

"தொடாதே, ஆறட்டும்" என்றார் அவர். பிறகு முன்கையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நாளைக்கும் நான்தான் கைய நீட்டணுமா?"

"ஆமா" என்று ஷூவைக் கழற்றி வாசலோரம் வைத்தாள் யோகலட்சுமி. "வெள்ளனே எந்திரிங்க. நான் ஓடப் போகணும்லா."