பார்க்காமல் நிரப்பிய மூன்று கட்டங்கள்

பிள்ளை பெற்றுக் கிடந்த வைஷ்ணவியின் உயிருக்கு அன்று காலை வந்த விலை மூன்று இட்லி, ஒரு வடை. விற்றவள் பிளெஸ்ஸி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பயிற்சி. விற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் பேரமாவது பேசியிருப்பாள். ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிற பீட்டரின் மகள் அல்லவா.

பிரசவமான முதல் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை தாயின் நாடியை எண்ண வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், துணியை விலக்கி ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டும், சார்ட்டில் அந்தந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். இது பாடம். வழக்கம் வேறு. சுகப்பிரசவம், பிள்ளை வீறிட்டு அழுகிறது என்றால் வரப்போகும் கட்டங்களையும் முன்கூட்டியே நிரப்பிவிடுவார்கள். மாணவிகள் அதற்கு வைத்த பெயர் அட்வான்ஸ்.

"வாடி, மெஸ்ஸுல இட்லி தீந்துரும். அட்வான்ஸப் போட்டுட்டு வா," என்றாள் கூடப் படிக்கும் உமா.

எட்டு மணிக்கு வைஷ்ணவியைப் பார்த்து எழுதியாயிற்று. இனி எட்டே கால், எட்டரை, எட்டே முக்கால். நாடிக்கு 82, 79, 84 என்று எழுதினாள் பிளெஸ்ஸி. எல்லாவற்றுக்கும் எண்பது போட்டால் எவர் நம்புவார்? முழுசாகச் சொல்லாமல் உதிரியாகச் சொன்ன எண்ணைத்தான் ஏலத்தில் ஆள் நம்பும். ரத்தப்போக்கு: இயல்பு.

மெஸ்ஸில் மூன்று இட்லி, ஒரு வடை தின்றுவிட்டு எட்டு ஐம்பதுக்குத் திரும்பினாள். கட்டிலருகே வைஷ்ணவியின் ஆத்தா மூக்காயி பிள்ளையை ஏந்தி உட்கார்ந்திருந்தாள்.

"நர்சுப்புள்ள, மக அசந்து தூங்குறா. வேத்துக் கொட்டுது பாரு. ஃபேன் சுத்தலையோ?"

ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிளெஸ்ஸி வைஷ்ணவியின் கையைப் பிடித்தாள். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட சில்லிப்பு. நாடியை எண்ணினாள்; நூற்று இருபத்தெட்டு. போர்வையை விலக்கினாள். மெத்தையெல்லாம் ரத்தம்.

"சிஸ்டர்!"

வார்டு சிஸ்டர் அருள்மணி ஓடிவந்தார். ஒரு கை வைஷ்ணவியின் அடிவயிற்றில், மறுகையில் போன், கண் சார்ட்டில். "டாக்டர், ரத்தம் போகுது. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. எட்டே முக்காலுக்குக்கூட பல்ஸ் எம்பத்தி நாலு..."

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அடுத்த மாதம் பரீட்சை. சிஸ்டர் கையெழுத்து இல்லாமல் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாமல் நர்சிங் கவுன்சில் பதிவு இல்லை. ஆனால் இப்போதுதான் ஆரம்பம் என்றால் டாக்டர் ஓர் ஊசியைச் சொல்லிவிட்டு நிதானமாக வருவார். ரத்தத்துக்கும் நிதானமாகத்தான் ஆள் போகும்.

"பாக்கல," என்றாள்.

"என்னடி?"

"மூணு கட்டமும் பாக்காம எழுதுனது சிஸ்டர். எட்டு மணிக்கப்புறம் நான் தொடவே இல்ல."

அருள்மணி அவளை ஒரே ஒரு முறை பார்த்தார். அறைந்திருந்தால் தேவலை.

"டாக்டர், அந்த ரீடிங்க விட்ருங்க. அம்பது நிமிஷமாப் போயிருக்கலாம். ஒடனே வாங்க, ரத்தத்துக்கு ஆளனுப்புறேன்." போனை வைத்தார். "ஏன் நிக்கிற? வயித்த அமுக்கிப் பிசை. கைய எடுத்தேன்னா..." முடிக்கவில்லை.

கெட்டியாக உருண்டிருக்க வேண்டிய கருப்பை கைக்குள் நனைந்த துணிப்பையாய்த் துவண்டது. பிளெஸ்ஸி பிசைந்தாள்.

"என்னம்மா ஆச்சு எம்மகளுக்கு?" மூக்காயி அலறினாள். "நீ இப்பத்தானே பாத்து எழுதிட்டுப் போன?"

பிளெஸ்ஸி இன்னும் ஆழமாக அமுக்கினாள்.

பதினோரு மணிக்குத்தான் போக்கு மட்டுப்பட்டது. வைஷ்ணவி கண்ணைத் திறந்தாள், மூடினாள். போன ரத்தத்தைக் கணக்கிட, நனைந்த துணிகளைத் தராசில் நிறுத்தார்கள். அருள்மணி சார்ட்டை நீட்டினார்.

"பிரின்சிபால் நாளைக்குக் கூப்புடுவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. மூணையும் அடிச்சுட்டு, பார்க்கவில்லைன்னு போட்டு, கையெழுத்து வை. இப்ப இதை நீயே எழுது."

எழுதினாள். நாடி 112, ஒரு நிமிடம் முழுக்க எண்ணியது. போன ரத்தம் 1150 மில்லி. ஏற்றிய ரத்தம் 700. பாக்கி 450.