ஞாயிற்றுக்கிழமை ஊசி

நடீனுக்கு ஊசி மருந்தின் அளவைக் கூட்டப் போகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தபோது ஆர்லன் சமையலறையில் மான்கறி சாசேஜ் வெட்டிக்கொண்டிருந்தான். ஹாலில் அவன் மனைவி நடீன் க்ளினிக் நர்ஸோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சரி, அடுத்த அளவுக்கே போயிடலாம். இல்ல, வாந்தியெல்லாம் ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கேன்." அந்த 'ரொம்ப நல்லா இருக்கேன்' ஆர்லனுக்கு அறவே பிடிக்கவில்லை. ரொம்ப நல்லா இருப்பவளுக்கு எதற்கு இன்னும் கூடுதல் மருந்து?

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் பொறாமைப்பட அவனுக்கு வாய்ப்பே அமைந்ததில்லை. இருவரும் குண்டு. மாடிப்படி ஏறினால் இருவருக்கும் மூச்சு வாங்கும். அவனைவிட அவள் ஒரு படி முன்னால் போனால் அவளே நின்று காத்திருப்பாள். நிம்மதியான வாழ்க்கை. உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி என்று வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்கள் குறைவு. பொரித்த மீன் சாப்பிட ஊரே கிளம்பிவிடும். ஹெலனின் கடையில் ஜன்னலோர மேஜை இவர்களுடையது. முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு, அப்புறம் இன்னொரு தட்டு. இப்போது நடீன் இரண்டு வாய் சாப்பிடுவாள், தட்டை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். வீணாக்கக் கூடாதென்று அவன் அதையும் முடிப்பான். அவள் உடம்பிலிருந்து இறங்கியதெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு அவன் வயிற்றில் வந்து குடியேறியது.

"யாருப்பா ஆர்லன் இது, புதுப் பொண்ணு? நடீனுக்குத் தெரியுமா?" என்று ஹெலன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்பாள். முதல் தடவை அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் பல்லை மட்டும் காட்டினான். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி வரவே, மீனைப் பார்த்துக் குனிந்துகொள்ள ஆரம்பித்தான். நடீனோடு வந்திருக்கும் இந்த ஆள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். முழங்கால் வலி போனதும் அவள் கர்லிங் கிளப்பில் சேர்ந்தாள். பனித்தளத்தில் கனமான கல்லை வழுக்கிவிடும் அந்த ஆட்டத்தை இந்த ஊரில் எண்பது வயதுக்காரர்கள்கூட ஆடுவார்கள். அவள் அணிக்குத் தலைவர் ராய் என்ற மாட்டு டாக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி இல்லாதவர், முதுகு வளையாதவர். இந்த மூன்றில் மூன்றாவதுதான் ஆர்லனை அதிகம் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை வந்தால் நடீன் கன்னமெல்லாம் சிவந்து, எதையோ நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

"ஆட்டம் முடிஞ்சா நேரா வர வேண்டியதுதானே" என்றான் ஒருநாள்.

"ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்கு ஒரு ரவுண்டு வாங்கித் தரணும். எல்லாரும் சேந்து உக்காந்து குடிக்கணும். அதுதான் மொறை. பாதியில எந்திரிச்சு வந்தா மரியாதையா இருக்குமா?"

"நீதான் பீரே தொடுறதில்லையே இப்ப."

"சோடா குடிச்சேன்."

"ஒரு சோடாவுக்கு ஒன்றரை மணி நேரமா?"

"மெதுவா குடிச்சேன்" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு இரண்டு துண்டு பாலாடைக்கட்டி தின்றான்.

அவனுக்கென்று மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சர்ச்சிலிருந்து வந்ததும் நடீன் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மருந்து ஒரு பேனாவுக்குள் இருக்கிறது, ஊசி வெளியே தெரியக்கூடத் தெரியாது. ஆனாலும் அந்த 'க்ளிக்' சத்தத்துக்கு அவளுக்குக் குலை நடுங்கும். ஒரு கையால் அவன் தோளைப் பற்றிக்கொள்வாள். அவன் அவள் வயிற்றில் பேனாவை வைத்து அமுக்குவான். "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பான். வாரத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் அவன் இல்லாமல் அவளுக்கு ஆகாது. அதே ஒரு நிமிஷத்தில் தன் கையாலேயே பெண்டாட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ராய் பக்கம் தள்ளிவிடுகிறோம் என்றும் அவனுக்குத் தோன்றியது. இதில் அளவை வேறு கூட்டப் போகிறார்களாம்.

புதுப் பெட்டியை மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்தது அவன்தான். நாலு பேனா. பெட்டியின் மேல் எழுதியிருந்ததை வாசலில் நின்று படித்தான். குளிர்ச்சியில் வைக்கவும், உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும், பயன்படுத்தக் கூடாது. படித்துவிட்டுச் சமையலறைக்குப் போகாமல் கராஜுக்குப் போனான். அங்கே அவனுடைய பீர் ஃபிரிட்ஜ் இருக்கிறது. கராஜில் ஹீட்டர் கிடையாது. ஜனவரியில் அந்த ஃபிரிட்ஜில் எதை வைத்தாலும் கல்லாகிவிடும். பீர் கேன்கள் புடைத்து வெடித்த கதை இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. பெட்டியைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, சமையலறை ஃபிரிட்ஜில் இடம் இல்லையே, நான் என்ன செய்வது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் ஒரு பூசணிக்காயே வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

மறுநாள் காலையில் அதை எடுத்துவந்து சமையலறை ஃபிரிட்ஜில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேனாக்கள் உருகி, ஒன்றும் அறியாதவை போல ஆகிவிட்டன.

"இது ஜாஸ்தி அளவு. பாத்துப் போடு" என்று நடீன் கண்ணை மூடினாள்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்றான் ஆர்லன். பொய் சொல்லவில்லை.

சில வாரத்தில் அவளுக்குப் பசி திரும்பியது. ஹெலன் கடையில் தட்டை முழுக்க முடித்தாள், இன்னும் நாலு துண்டு கேட்டாள். ஆர்லனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அப்பாடா, பழைய நடீன் வந்துட்டா" என்றாள் ஹெலன். நடீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் மீனுக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு கிண்ணம் சாஸ் கேட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் ஆட்டத்துக்குப் போகவில்லை. பனி அள்ளிவிட்டு அவன் உள்ளே வந்தபோது ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றபடி பையிலிருந்து பாலாடைக்கட்டியை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மென்றுகொண்டே அழுதாள்.

"நிறுத்த முடியல ஆர்லன்."

"பசிச்சா சாப்பிடு. யாரு வேணாங்கறா?"

"இது பசி இல்ல. தலைக்குள்ள ஒருத்தன் உக்காந்து சாப்பாடு சாப்பாடுன்னு ஓயாமக் கத்துறான். இத்தன மாசம் வாய மூடிட்டு இருந்தான். அவன் பேசாம இருந்தப்பத்தான் நான் வேற எதையாச்சும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"எத நெனச்சே?" ராயின் பெயர் வரும் என்று அவன் காத்திருந்தான்.

"நான் விடுற கல்லு எங்க போயி நிக்கும்னு."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமையில் அவள் வீட்டில் இருந்தாள், சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்த வெட்கம் வந்த வழியே போய்விட்டது.

பேனாக்கள் தீர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் நடீன் புதுப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்தாள். "நர்ஸ்கிட்டப் பேசினேன். உடம்புக்குப் பழகிப்போச்சாம். அடுத்த அளவுக்குப் போகச் சொல்லிட்டாங்க. நானே போயி வாங்கிட்டு வந்தேன்."

ஆர்லன் பெட்டியின் மேல் இருந்த அளவைப் படித்தான். ஒரு மாதமாக அவள் உடம்பில் மருந்தே இல்லை. படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று முதல் நாளே நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவ்வளவு பெரிய அளவை இப்போது போட்டால் வாந்தி எடுத்தே சுருண்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில்கூடக் கிடக்க நேரிடலாம்.

"இன்னிக்கு வேணாம். பனி அள்ளினதுல கை வலிக்குது."

"ஒரு பட்டன அமுக்குறதுக்கா?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள இந்த வீட்டையே தின்னுடுவேன் நான். உனக்கு முடியலன்னா சொல்லு, ராயக் கூப்பிடறேன். காலமெல்லாம் மாட்டுக்குப் போட்டவரு, எனக்குப் போட மாட்டாரா?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் கண்முன் ராயின் நரைத்த தலை குனிந்தது. அவள் ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அவள் கை ராயின் தோளில் இருந்தது. உள்ளதைச் சொன்னால், ஆர்லனின் வாயைத் திறக்க வைத்தது அவள் உடம்பின் மேல் இருந்த அக்கறை மட்டும் அல்ல.

"போன பெட்டி உறைஞ்சு போனது, நடீன்."

"என்னது?"

"பீர் ஃபிரிட்ஜுல வச்சேன். ஒரு ராத்திரி."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதான். "தெரியாம வச்சுட்டியா?" என்று கேட்டாள். தப்பிக்க அவளே ஒரு வழி விட்டுக் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"தெரிஞ்சுதான் வச்சேன்."

நடீன் அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு வாரமும் ஆச்சான்னு கேட்டேன்."

"ம்."

"ஆச்சுன்னு சொன்னே."

"நீ போயிடுவேன்னு பயந்துட்டேன்."

"எங்க போவேன்? ராய்கிட்டயா? அந்த மனுசனுக்கு ஒரு காது கேக்காது. செவ்வாக்கிழம பூரா அவரு பக்கத்துல உக்காந்து தொண்ட கிழியக் கத்திட்டு வரேன் நான்." அவள் குரலில் சிரிப்பு இல்லை. "என் உடம்பே என்னக் கைவிட்டுடுச்சுன்னு நெனச்சு அழுதேன் ஆர்லன். நீயும் பக்கத்துல நின்னு பாத்தே."



மறுநாள் க்ளினிக்குக்குப் போன் செய்தாள். மருந்து உறைந்துபோய்விட்டது என்று மட்டும் சொன்னாள், யாரால் என்று சொல்லவில்லை. மறுபடியும் முதலிலிருந்து, இருப்பதிலேயே சின்ன அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். இத்தனை மாதம் ஏறியதெல்லாம் போயிற்று. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் மீன் சாப்பிட வரவில்லை. அவனும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்லன் வழக்கம்போலக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். நடீன் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவின் மூடியை அவளே கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குடு, நான் போடறேன்."

"வேணாம்."

"உனக்குப் பயமா இருக்குமே."

"இருக்கு" என்றாள். ஸ்வெட்டரை ஒரு கையால் தூக்கினாள். கண்ணை மூடாமல், வயிற்றைக் குனிந்து பார்த்தபடியே அமுக்கினாள். சத்தம் கேட்டதும் தோள் ஒரு தரம் குலுங்கியது. மருந்து இறங்கும் வரை அசையாமல் பிடித்திருந்தாள்.

"இவ்வளவுதானா" என்றாள் பேனாவைப் பார்த்து. "இதுக்கா இத்தன மாசம் ஆள் தேடுனேன்."

ஈரக் கையோடு நின்றவனைத் தாண்டிப் போய்ப் பேனாவை டப்பாவில் போட்டாள்.