கிளிஞ்சமேட்டில் யாருமில்லை

"இன்னிக்கி மேட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கா போவக் கூடாதுனு பெரியதனக்காரரு சொல்லி அனுப்பிக்கிறாரு. நீ இன்னான்னா பறியத் தூக்கினு கெளம்பற."

ரங்கன் குடிசை வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி காசியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பனையோலைக் கூடையான பறியின் விளிம்பில் பிரிந்திருந்த ஓலையைப் பல்லால் இழுத்து முடிந்துகொண்டிருந்தாள். ஏரிக்குள் மண்டியிட்டு, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிக்கும்போது, பறி வாயில்தான் தொங்கும். அதைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை.

"போவலன்னா ஒலையில இன்னாத்தப் போடறது? ஒன் வேட்டியவா?"

"ஒரு நாளுதான. ஆபீசருங்க வந்துட்டுப் போற வரைக்கும் கம்முனு கெட. அவரு வலைய இழுத்துதான் நான் கூலி வாங்கறேன். நாளைக்கி வராதடானு சொல்லிட்டா எங்க போவேன்?"

காசியம்மாள் பதில் சொல்வதற்குள் வெளியே குரல் கேட்டது. குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் சுப்பராயலுவின் மனைவி செல்வம்மாள், காலனிக்கு வெளியே விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தாள். அவள் அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள். வேண்டியதை அங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்வாள்.

"காசிம்மா, பெரிய எறாவாப் பாத்து ஒரு பறி எடுத்தாடி. ஆபீசருங்களுக்கு மதியம் நம்ம வூட்லதான் சோறு. வலைக்காரங்க யாரும் இன்னிக்கிப் போவல. விசாரணைனு வெளுத்த வேட்டியக் கட்டினு ஒக்காந்துக்கறாங்க."

"மேட்டுக்குப் போவக் கூடாதுனு ஐயா சொன்னாராமே, அம்மா."

"ஜீப்பு வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடு. யாரு கண்ணுலயும் படாம."

ரங்கன் வாசலைவிட்டு நகர்ந்துகொண்டான்.

அது எண்பத்து நாலாம் வருஷம். சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போதுதான் கோட்டைக்குள் புதுமாப்பிள்ளை போல நுழைந்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். அது சொன்னதை யாரும் செய்யவில்லை. பழவேற்காடு ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் கிளிஞ்சலை இயந்திரம் வைத்து வாரி சிமெண்ட் ஆலைக்கு அனுப்ப ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. இத்தனை பெரிய திட்டத்துக்கு அனுமதி தருமுன், அதனால் யார் பிழைப்புக் கெடும் என்று அந்த இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும் என எங்கோ ஒரு நல்ல மனிதர் விதி எழுதியிருந்தார். யாரைக் கேட்பது என்பதை மட்டும் அவர் எழுத மறந்துவிட்டார்.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரியை ஒட்டியிருந்த அந்தக் குப்பத்துக்கு அப்படித்தான் ஜீப் வந்தது.

அங்கே ஏரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறைக்குப் பாடு என்று பெயர். எந்த நீரில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும். குப்பத்துத் தலைக்கட்டு ஆண்களுக்குத்தான் பாடு உண்டு. பெண்களுக்குக் கிடையாது. காலனிக்காரர்களுக்கு, ஆணோ பெண்ணோ, கிடையவே கிடையாது. யாரும் வலை போடாத மேற்குக் கரையோரச் சேற்றில், கிளிஞ்சமேட்டில், அவர்கள் கையால் தடவிக்கொள்ளலாம். அதையும் ஊர் போட்ட பிச்சை என்றே ஊரில் பேசுவார்கள்.

கம்பெனி முதலில் அடையாளம் வைத்தது நடு ஏரியில். அங்கேதான் நல்ல பாடுகள் இருந்தன. சுப்பராயலு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி ஆளைப் பார்த்தார். இயந்திரத்தை மேற்கே தள்ளிப் போட்டால் குப்பம் குறுக்கே நிற்காது என்று பேசி முடித்தார். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் யாரையும் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. வலை இல்லாதவன் மீன்காரன் இல்லை, பொறுக்குகிறவன். பொறுக்குகிறவன் வேறு எங்காவது போய்ப் பொறுக்கிக்கொள்வான். பிறந்ததிலிருந்து அவருக்குச் சொல்லித் தரப்பட்ட நியாயம் அது.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேஜை போட்டு விசாரணை நடந்தது. ஜீப்பில் வந்த குழுவின் தலைவர் வீரராகவன் கைநீட்டிக் காசு வாங்காதவர். அதற்குமேல் ஓர் அதிகாரியிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது என்று அவரே நினைத்திருந்தார். குப்பத்து ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காலனி ஜனங்கள் வேலிக்கு வெளியே வெயிலில் நின்றார்கள்.

"மேற்கே மேடுன்னு சொல்றீங்களே, அங்கே யாருக்காவது பாடு உண்டா?" என்று கேட்டார் வீரராகவன்.

"இல்லீங்க."

"சரி. பாடு இல்லாம அங்கே மீன் பிடிக்கிறவங்க?"

சுப்பராயலு வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். "யாரும் கெடையாதுங்க."

குழுவோடு வந்த குமாஸ்தா அப்படியே எழுதினார். வேலிக்கு வெளியிலிருந்து காசியம்மாள் குரல் கொடுத்தாள்.

"நாங்க புடிக்கறோம், ஐயா. காலனி முச்சூடும் அங்கதான் புடிக்கறோம்."

"பேரு குடுத்தவங்கதான் பேசலாம்" என்றார் குமாஸ்தா. பேர் கொடுப்பது பெரியதனக்காரர் மூலமாக. காலனியில் யாரிடமும் அவர் பேர் கேட்கவில்லை.

வீரராகவன் தலையைத் தூக்கினார். "ஊர்ப் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதும்மா. அப்புறம் பார்க்கலாம்."

ரங்கன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சுப்பராயலுவின் பார்வை அவன்மேல் விழுந்துவிட்டது.

மதியம் சுப்பராயலுவின் வீட்டில் பந்தி. கொல்லையில் சாம்பலும் தேங்காய் நாருமாகக் காசியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் விசேஷம் என்றால் அது அவள் வேலை. தேய்த்த பாத்திரங்களை அவள் கவிழ்த்து வைப்பாள். செல்வம்மாள் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொள்வாள்.

"இறால் பிரமாதம். மெட்ராஸ்ல இந்த ருசி ஏது?" என்று உள்ளே வீரராகவன் சொல்வது கேட்டது. "நடு ஏரியில பிடிச்சதா?"

"நம்ம பசங்க வலைல பட்டதுதாங்க" என்றார் சுப்பராயலு.

காசியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடியற்காலைக் குளிரில் கிளிஞ்சல் கிழித்த முழங்கால் இன்னும் காந்திக்கொண்டிருந்தது. எழுந்து கொல்லைக் கதவருகே போனாள். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"வலைல பட்டது இல்லீங்க, ஐயா. கிளிஞ்சமேட்டுல காலைல நான் கையால தடவிப் புடிச்சது. யாருமே புடிக்கலனு எழுதினீங்களே, அந்த எடத்துல."

பரிமாறிக்கொண்டிருந்த செல்வம்மாளின் கை அப்படியே நின்றது. வீரராகவன் இலையைப் பார்த்தார். சாம்பல் அப்பிய அவள் கைகளைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது வருஷ உத்தியோகம் வெட்கத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லிக் கொடுத்திருந்தது.

"விசாரணை முடிஞ்சு கையெழுத்தும் ஆயிடுச்சேம்மா. அதை நான் திருத்த முடியாது." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாப்பிட்டதும் இடத்தைப் பார்க்கப் போறோம். அங்கே கண்ணால பார்க்கறதை எழுதத்தான் போறேன். யார் சொன்னாலும் சரி."

அது போதும் என்று காசியம்மாள் நினைத்தாள். பாத்திரங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காலனிக்கு ஓடினாள். குடிசை குடிசையாகப் போய்க் கூப்பிட்டாள். எல்லம்மா கைக்குழந்தையை மாமியாரிடம் தள்ளிவிட்டு வந்தாள். காய்ச்சலில் கிடந்த கஸ்தூரிகூட எழுந்து வந்தாள். பெண்கள் எல்லோரும் மேட்டில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் மண்டியிட்டுத் தடவத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் இறால் அதிகம் அகப்படாது என்று எல்லோருக்கும் தெரியும். இறாலுக்காக அவர்கள் இறங்கவில்லை.

அதிகாரிகளின் தோணி வந்தது. கழி ஊன்றித் தள்ளியவன் ரங்கன்.

தூரத்திலேயே வீரராகவன் பார்த்துவிட்டார். தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தலைகள். "அங்கே யார்? என்ன பண்றாங்க?"

தோணியின் முனையில் நின்றிருந்த சுப்பராயலு சட்டென்று திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொம்பளைங்க குளிக்கறாங்க, சார். துணிமணி ஒழுங்கா இருக்காது. நாம பாக்கறது மரியாதை இல்ல."

வீரராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் காது மடல் சிவந்தது. ஒழுக்கமான குடும்பத்தில் பிறந்தவர். அயல் பெண்கள் குளிக்கும் இடத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று தாய் சொல்லி வளர்த்திருந்தாள். கண்ணால் பார்ப்பதை எழுதுவேன் என்றவர், கண்ணைக் கிழக்கே எங்கோ தெரிந்த கொக்குக் கூட்டத்தில் நிறுத்திவைத்துக்கொண்டார்.

காசியம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். "ஐயா, இங்க பாருங்க" என்று கத்தினாள். பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தவரைப் பார் என்று கூப்பிட்டால், அவர் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொள்வார். வேறென்ன செய்வார்?

பார்த்தது ரங்கன் ஒருவன்தான். கழியை ஊன்றியவன் ஊன்றியபடி நின்றான். ஐயா, அவங்க குளிக்கல என்ற மூன்று சொல் நாக்குவரை வந்தது.

"இன்னாடா மரம் மாதிரி நிக்கற? தள்றா" என்றார் சுப்பராயலு.

ரங்கன் தள்ளினான். அன்று இரவு காசியம்மாள் அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அவன் தட்டைத் தொடவில்லை. அவள் நாலு வசவு வைதிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு குமாஸ்தா நேரே காலனிக்குள்ளேயே வந்தார். சர்க்கார் ஆள் ஒருவர் அந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. பெண்களை வரச்சொல்லி, தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். கிளிஞ்சமேட்டில் மீன்பிடிப்பு எதுவும் இல்லாததால் திட்டத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது. எனினும், ஸ்தல ஆய்வின்போது அங்கே காலனிப் பெண்கள் குளிப்பது தெரியவந்தது. அவர்களுடைய மானத்தையும் சௌகரியத்தையும் கருதி, கம்பெனி தன் சொந்தச் செலவில் வேறு இடத்தில் மறைப்புச் சுவருடன் சிமெண்ட் படித்துறை கட்டித்தர வேண்டும். அதற்குப் பயனாளிகளின் சம்மதம் பெறப்பட வேண்டும்.

"வந்து ஆளுக்கொரு கைநாட்டு வைங்க" என்று மைப்பெட்டியைத் திறந்தார்.

யாரும் அசையவில்லை. காசியம்மாள் முன்னால் வந்தாள்.

"உப்புத் தண்ணில யாராச்சும் குளிப்பாங்களா, சாமி?"

குமாஸ்தா குடையை மறு கைக்கு மாற்றினார்.

"ஏரித் தண்ணி ஒடம்புல பட்டாலே வூட்டுக்கு வந்து நல்ல தண்ணி ஊத்திக்கறோம். இல்லன்னா சொறி புடிச்சிக்கும். அத்தினி பேரு படிச்சவங்க வந்தீங்களே, இத ஒருத்தருகூடவா கேக்கல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சம்மதமா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"மேட்டத் தோண்டறதுக்கு எங்களக் கேட்டீங்களா?"

"அதுக்கு இதுல எடம் இல்ல."

காசியம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து எல்லம்மாவும் கட்டிக்கொண்டாள். கஸ்தூரியும், மற்றவர்களும். கடைசியில், யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற ரங்கனும் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

குமாஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆரம்பாக்கத்தில் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டார். அந்த விவகாரத்தில் காலனிக்காரர்களின் பேரை யாரோ எழுதிக்கொள்வது அன்றுதான் முதல் தடவை. கேட்டுக் கேட்டு, பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினார்:

காசியம்மாள், க/பெ ரங்கன். குளிப்பதில் விருப்பமில்லை.