நீயே யோசிச்சுப் பாரு

வகுப்பில் அவளுக்குக் குச்சி என்று பெயர். வைத்தவள் அவளுடைய உயிர்த்தோழி. ஒல்லியாக, உயரமாக இருந்தாளாம், அதனால் குச்சி. "மத்தவங்க கூப்பிட்டா கேலி, நான் கூப்பிட்டா பாசம்" என்று தோழி விளக்கம் வேறு கொடுத்தாள். பதினைந்து வயதில் இதைக் கேட்டு உச்சி குளிர்ந்து போகிற பிள்ளையை என்ன செய்வது? குளிர்ந்துதான் போனாள்.

அந்தத் தோழிக்கும் ஒரு பெயர் உண்டு, முதுகுக்குப் பின்னால் மட்டும்: மகாராணி. மகாராணி திட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள். பேச மாட்டாள், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் குச்சி போய்ப் பக்கத்தில் உட்காருவாள். மகாராணி தன் பையை எடுத்து நடுவில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"என்னடி ஆச்சு? நான் என்ன பண்ணேன்?"

"நீயே யோசிச்சுப் பாரு."

குச்சியும் யோசிப்பாள். பாடத்துக்கு அப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருப்பாள். கணக்கு டீச்சர் கேட்டப்போ உனக்கு முன்னாடி நான் பதில் சொல்லிட்டேன், அதுவா? உன் புதுச் செருப்பு நல்லா இருக்குன்னு சொல்ல மறந்துட்டேன், அதுவா? ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்பும் கேட்பாள். மகாராணிக்குச் சலித்துப் போகும்போது "போகட்டும் விடு" என்பாள். குற்றம் என்னவென்று கடைசி வரை தெரியாது. அப்படி ஒரு குற்றமே இல்லை என்பது மட்டும் குச்சிக்குத் தோன்றியதே கிடையாது. தன்னிடம்தான் என்னவோ கோளாறு, அதையும் சகித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாளே என்று நன்றியோடு கிடந்தாள்.

குச்சியின் அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்ற கால் நின்றபடி நீராவியில் வெந்துவிட்டு, மாலையில் வீங்கிய காலோடு வீடு வந்து சேர்வாள். வீட்டில் தாயும் மகளும் மட்டும். அந்த வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. "அம்மா, அன்னைக்குக் கொஞ்சம் நல்லா டிரஸ் பண்ணிட்டு வாம்மா" என்று குச்சி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கூட்டத்துக்கு வந்தபோது பார்க்க வேண்டுமே! சேலைக்கு மேலே கருநீலக் கோட்டு, எடுப்பான தோள், மடிப்புக் கலையாத கை. டீச்சரே எழுந்து நாற்காலி போட்டார். மகாராணியின் அம்மாகூட ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ரகசியத்தைச் சொன்னாள். "யாரோ வெளுக்கப் போட்ட கோட்டு, பாப்பா. இப்பவே போய் மறுபடியும் தேய்ச்சு மாட்டிடணும். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, வேலை போயிடும்."

மறுநாள் மகாராணி பேச்சை நிறுத்தினாள். இந்த முறை சீக்கிரம் மனம் இறங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வேறொருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவள் காதில் விழும்படி சிரித்தாள். குச்சி கழிவறையில் நின்றுகொண்டு சாப்பிட்டாள். செய்த குற்றம், செய்யாத குற்றம் எல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டன. இன்னும் என்னதான் மிச்சம்?

கடைசியில் ஒன்று தோன்றியது. "அன்னைக்கு எங்கம்மா உங்கம்மாவை விட நல்லா டிரஸ் பண்ணிட்டு வந்தாங்களே... அதுவாடி?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெல்லத் திரும்பியது. அது போதாதா இவளுக்கு?

"அது எங்கம்மாவோடதே இல்லடி. கடைக்கு வந்த கோட்டு. யாருக்கும் தெரியாம போட்டுட்டு வந்தாங்க. நாங்க எல்லாம் உங்க பக்கத்துல வர முடியுமா?"

பெற்ற தாயைக் கொண்டுபோய் அவள் காலடியில் வைத்துவிட்டாள். மகாராணி பையை எடுத்துக் கீழே வைத்தாள். "லூசு, இதுக்கா இவ்வளவு நாள்?" என்று தோளில் கை போட்டாள். குச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகாராணியின் அம்மாவும் அந்தக் கடைக்குத்தான் துணி போடுகிறவள். மகள் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையை அவள் சும்மா விடுவாளா? நேரே கடைக்குப் போய் முதலாளியைத் தனியாகப் பிடித்து உலுக்கிவிட்டாள். முதலாளி எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அன்றோடு வேலை போயிற்று.

"கூட நின்னு தேய்க்கிறவதான் போட்டுக் கொடுத்திருக்கா. அவ ஒருத்திதான் பார்த்தா" என்று அம்மா அழுதாள். ஆறுதல் சொல்ல வீடு தேடி வந்த அந்தப் பெண்ணை வாசலிலேயே வைத்து, "துரோகி, போடி வெளியே" என்று கதவைச் சாத்தினாள். குச்சி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள், பழகிய இத்தனை காலத்தில் முதல் முறையாக, குச்சி அவளை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டாள். "ஏண்டி சொன்ன?"

மகாராணியின் கண்கள் சட்டென்று நிறைந்தன. "எங்கம்மாகிட்ட நான் எதையும் மறைக்கிறதில்லடி. உங்கம்மா பண்ணதுக்கு நானா பொறுப்பு? என்னைப் போய் இப்படி நினைச்சுட்டியே!" சுற்றியிருந்தவர்கள் ஓடிவந்து அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். பை மறுபடியும் நடுவில் வந்தது.

பார்த்தீர்களா அநியாயத்தை! குத்தியவளுக்கு வலிக்கிறதாம், குத்துப்பட்டவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். குச்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது பயம்.

அன்று மாலை அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தாள். "இல்லைங்க, நானா நின்னுட்டேன்... பழைய கடையில ஒண்ணும் கேட்டுக்க வேணாமே..." என்று கெஞ்சும்போதே அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். மூலையில் குச்சி தன் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். தப்பெல்லாம் எங்கம்மா மேலதான். உன்னைக் கேட்டது என் தப்பு. ப்ளீஸ், மன்னிச்சிடு. அனுப்பிவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பதில் இல்லை.

பிறகு வந்தது. "ம். நாளைக்கு என் பக்கத்துல உக்காரு."

குச்சி சிரித்தாள். தன்னை மறந்து, சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். "என்ன பாப்பா, நல்ல சேதியா?"

"ஆமாம்மா. என் ஃப்ரெண்ட் பேசிட்டா."

"அப்பாடா!" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீட்ல நீயாவது சிரிச்சியே. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்."