வாங்கின் ஓரம்

சனிக்கிழமை காலை ஆறரைக்கே வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் அந்தக் குறுகிய ஒழுங்கை நிறைந்துவிடும். கோயிலுக்குக்கூட இந்த நேரத்தில் எழும்பாத தாய்மார்தான் வந்து நிற்பார்கள். எட்டு மணிக்குத் தொடங்கும் ஜனா சேரின் இரசாயனவியல் கிளாசில் மகளுக்கு இடம் பிடிக்க வேண்டும். மகள்மார் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் இல்லை. பத்தொன்பது, இருபது வயது. ஒருமுறை உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், இரண்டாம் தடவைக்குப் படிக்கிறவர்கள். அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, தாய்மார் கையில் கோப்போடு மாடிப்படியில் முண்டியடிப்பார்கள்.

போர்ட் வடிவாகத் தெரியவேண்டும், மின்விசிறிக்குக் கீழே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த அடிபாடு என்று நினைத்தால் தப்பு. முன் வரிசையோ பின் வரிசையோ, எந்தத் தாய்க்கும் கவலையில்லை. வேண்டியது நடு இடம். பெண்பிள்ளைகளின் பக்கத்தில் ஒன்பது நீள வாங்குகள். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் நெருக்கி இருப்பார்கள். வாங்கின் ஒரு முனை சுவரோடு ஒட்டியிருக்கும், மறு முனை நடைபாதையில் முடியும். பிள்ளைகளுக்கு வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அந்த நடைபாதையில்தான் சேர் நடப்பார். ஓரத்தில் இருக்கும் பிள்ளையின் மேல் குனிந்து விடை சரியா என்று பார்ப்பார். பார்க்கிற நேரத்தில் அவருடைய ஒரு கை மேசையில் இருக்கும். மற்றக் கை எங்கே போகும் என்பது அந்த மாடிப்படியில் நின்ற அத்தனை தாய்மாருக்கும் தெரியும்.

ஒன்பது வாங்கு என்றால் ஒன்பது ஓரம். யாரோ ஒன்பது பேர் பெற்ற பிள்ளைகள் அதில் இருந்தே ஆகவேண்டும். படித்த, பட்டம் பெற்ற, வங்கியிலும் கந்தோரிலும் வேலை செய்கிற பெண்கள் இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடியற்காலையில் அலாரம் வைத்தார்கள். சுபோதினியும் அப்படி அலாரம் வைத்தவள்தான். அவள் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்கிறாள், கணவர் கட்டாரில். தாரிகா ஒரே மகள்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், தாரிகாவை முதன்முதலாகச் சேர்க்கப்போனபோது, மாடி வீட்டுப் பாலேஸ்வரி அக்காதான் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய மகள் ஜனா சேரிடம் படித்து மருத்துவபீடம் போனவள். ஒழுங்கை முகப்பில் தொங்கும், பல்கலைக்கழகம் போன பிள்ளைகளின் பெரிய பனரில் மூன்றாவது முகம் அவளுடையது.

"பிள்ளையை ஓரத்தில மட்டும் விட்டிராதேங்கோ. சேருக்குக் கொஞ்சம் கை துடியாட்டம்," என்றாள் பாலேஸ்வரி. "நடுவில இருத்துங்கோ. துப்பட்டாவுக்கு ரெண்டு பக்கமும் ஊசி குத்தி விடுங்கோ. சந்தேகம் கேக்கத் தனியப் போகவேண்டாம், ரெண்டு பேராப் போகச் சொல்லுங்கோ. மற்றும்படி தங்கமான சேர். அவரைப்போலப் படிப்பிக்கக் கொழும்பில ஆளில்லை."

கை துடியாட்டம்! பால்குடிக் குழந்தையைப் பற்றிச் சொல்வதைப்போல அவள் சொன்னாள். சுபோதினியும் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். நுளம்பு கூடின இடம், வலை கட்டிப் படுக்கவேண்டும் என்று சொன்னால் எப்படிக் கேட்போமோ, அப்படி. அன்று மாலையே கடையில் ஊசி ஒரு பக்கெற் வாங்கினாள். அந்த ஊசியை அவனுடைய கையில் குத்தலாம் என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

இந்த வருடம், பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சுபோதினி பத்து நிமிடம் பிந்திவிட்டாள். மேலே போய்ப் பார்த்தால் இரண்டாம் வாங்கின் நடுவில் புதுப் பிள்ளை ஒன்று இருந்தது. மெலிந்த பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை, தோய்த்துத் தோய்த்து நிறம் போன நீலச் சட்டை. முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஐந்தரைக்கே புறப்பட்டு வந்திருந்தது. கூடத் தாய் வரவில்லை. தாய் பேலியகொடைச் சந்தையில் மீன் வெட்டுகிறவள், சனிக்கிழமை அங்கே வேலை கூடிய நாள். பெயர் ஷெரோமி என்றது.

சுபோதினி அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பாசமான சிரிப்பு.

"பிள்ளை, ஒரு உதவி. என்ர மகளுக்குக் கண் கொஞ்சம் குறைவு. ஓரத்தில இருந்தா போர்ட் தெரியாது. நீங்கள் அந்தப் பக்கம் அரக்கி இருக்கிறீங்களோ?"

"ஓ, பரவால்ல ஆன்ட்டி," என்று அந்தப் பிள்ளை எழும்பிப் பையையும் எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய் இருந்தது. தாரிகாவின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் நின்ற இரண்டு தாய்மார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சுபோதினியைப் பார்த்துத் தலையசைத்தாள், கெட்டித்தனம் என்பதுபோல.

அதற்குப் பிறகு அது ஷெரோமியின் இடமாகிவிட்டது. நாலைந்து கிழமை கழித்து, சாப்பிடும்போது தாரிகா சொன்னாள்: "அம்மா, இண்டைக்கும் சேர் ஷெரோமிக்குப் பக்கத்தில கன நேரம் நிண்டவர். அவள் எழுதுறதை விட்டிட்டாள். பேனை கீழ விழுந்திட்டுது."

"நீ அதைப் பாக்காதே. உன்ர பேப்பரைப் பார்," என்றாள் சுபோதினி. சொல்லிவிட்டு மகளின் சோற்றுக் கோப்பைக்கு இன்னொரு கரண்டி பருப்பு விட்டாள்.

வைகாசி நடுவில் ஷெரோமி வராமல் விட்டாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கவலைதான் ஓடியது. இரண்டாம் வாங்கு ஓரம் வெறுமையாகிவிட்டது, எல்லாரும் ஓர் இடம் அரக்கினால் யாருடைய பிள்ளை அங்கே போகும்? மூன்று நாள் அதைப் பற்றி மாறி மாறி எழுதினார்கள். நாலாம் நாள் ஒருத்தி எழுதினாள், ஹற்றனிலிருந்து புதுப் பிள்ளை ஒன்று வருகிறதாம், ஹொஸ்டலில் நிற்கிறதாம் என்று. பத்துப் பன்னிரண்டு பேர் அதற்குக் கைகூப்பும் படம் போட்டார்கள். சுபோதினியும் போட்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை சுபோதினியின் பிளாற் மணி அடித்தது. திறந்தால் வாசலில் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். பூசைக்குப் போய்விட்டு நேரே வந்தவள்போலச் சேலை. கைவிரல்களில் கத்தி பட்ட பழைய தழும்புகள்.

"நான் பிறிஜெற். ஷெரோமிட அம்மா."

சுபோதினி உள்ளே வரச் சொன்னாள். பிறிஜெற் வந்தாள், ஆனால் இருக்கவில்லை.

"மக ரெண்டு கிழமையா சாப்பிடுறா இல்ல. முந்தாநாத்துதான் வாயத் தொறந்து சொன்னா. நேத்து அந்த மனுசன்ட போய்க் கேட்டேன். உங்க மகளுக்குப் படிப்பு ஏறல்ல, அதான் கதை கட்டுறாண்டு சிரிக்கிறான். பொலிசுக்குப் போனேன். எழுதி எடுத்தாங்க. பாத்த ஆள் ஒருத்தர் வந்து சொன்னா கேஸ் நிக்குமாம். அங்க படிக்கிற நாலு பிள்ளைகள்ட அம்மாமாரக் கேட்டுட்டேன். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதாம். உங்க விலாசத்த மட்டும் ஒருத்தி தந்தா."

"ஐயோ பாவம்..." என்று தொடங்கினாள் சுபோதினி.

"பாவம் எல்லாம் வேணாம். மக உங்கள்ட கேக்கச் சொன்னா. நீங்கதானாம் அவள ஓரத்துக்குப் போகச் சொன்ன. முதல் நாள். பிறகு யோசிச்சுப் பாத்தாளாம். ஏன் எல்லா அம்மாமாரும் நடுவுக்கு அடிபடுறாங்கண்டு. அந்த ஆன்ட்டிக்குக் கட்டாயம் தெரியும் மம்மி, போய்க் கேளுங்கண்டு சொல்லி அனுப்பினா." பிறிஜெற் நேரே கண்ணைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்ற சொல் சுபோதினியின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. "எனக்கு... கொஞ்சம் யோசிக்க நேரம் தாங்கோ," என்றாள். இரண்டு வருடம் யோசிக்காதவளுக்கு இப்போது நேரம் வேண்டுமாம்.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பொலிஸ் வாசல்ல நிப்பேன்," என்றுவிட்டு பிறிஜெற் இறங்கிப் போனாள். லிப்ற் இருந்தும் படியால் போனாள்.

கதவைச் சாத்தியதும் சுபோதினி செய்த முதல் வேலை பாலேஸ்வரிக்குப் போன் எடுத்ததுதான்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் பாலேஸ்வரி. "சோதனைக்குப் பதினொரு கிழமைதான் கிடக்கு. பொலிஸ், கோடு, வழக்கு எண்டு இழுபட்டா தாரிகாவை ஆர் படிப்பிக்கிறது? கிளாசையே பூட்டினா மற்றப் பிள்ளையளின்ர கதி என்ன? சும்மா தட்டிக் குடுத்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? பஸ்சில படாததே, ரயிலில படாததே? பொம்பிளையாப் பிறந்தா உதுகளைச் சமாளிக்கத் தெரியவேணும்."

"அக்கா, அவர் அப்பிடி எண்டு உங்களுக்கு முதல் எப்பிடித் தெரிய வந்தது?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது.

"என்ர மகளும் முதல் ஆறு மாசம் ஓரத்திலதானே இருந்தவள்," என்றாள் பாலேஸ்வரி.

"பிறகு?"

"பிறகென்ன. நான் வெள்ளெனப் போய் நடுவில இடம் பிடிக்கத் தொடங்கினன்." குரல் தணிந்தது. "சுபோ, இப்பதான் அவளுக்கு லண்டனில ஒரு கலியாண இடம் பேசிக்கொண்டிருக்கிறம். இதுக்குள்ள எங்களை இழுத்துப் போடாதேங்கோ."

சுபோதினி போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். கோபம் வந்தது. இரண்டு வருடமாக வராத கோபம் எல்லாம் சேர்த்து வைத்ததுபோல வந்தது. முதலில் அவன்மேல் வந்தது. பிறகு தன் பிள்ளையின் ஆறு மாதத்தை விழுங்கிவிட்டு அவளுடைய முகத்தைப் பனரில் பார்த்துப் பெருமைப்பட்ட பாலேஸ்வரிமேல் வந்தது. கைகூப்பும் படம் போட்ட அத்தனை பேர்மேலும் வந்தது. ஒவ்வொருவராகத் திட்டி முடித்துப் பார்த்தால் கடைசியில் குசினியில் அவள் மட்டும் நின்றாள். அவன் ஒருவன் தனியாக இதைச் செய்யவில்லை. அவனுக்கு ஒவ்வொரு சனியும் ஒன்பது பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, ஒழுங்காக இருத்திக் கொடுத்தவர்கள் தாங்கள்தான். அதிலும் அவள் சிரித்துக்கொண்டு கொடுத்தவள்.

திரும்பினால் தாரிகா கதவடியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நீங்கள் போனா நான் அந்தக் கிளாசுக்குப் போகேலாது, என்ன?"

"ஓம். போகேலாது."

"இந்த முறையும் புள்ளி காணாமல் போனா?"

தாரிகா அழத் தொடங்கினாள்.

"பேப்பரைப் பார் எண்டு சொன்னியள். நான் பேப்பரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான் அம்மா, ஒவ்வொரு கிழமையும். ஒரு கேள்வியும் மண்டைக்குள்ள போகேல்ல. எங்களுக்கு இடையில இன்னொருத்தி இருக்கிறாள், இண்டைக்கு நான் இல்லை எண்டு நினைச்சனான். அப்பிடி நினைச்சு நினைச்சு எனக்கு என்னையே பிடிக்கேல்ல."

திங்கட்கிழமை காலை சுபோதினி கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பொலிஸ் வாசலில் பிறிஜெற் நின்றாள். வந்ததற்கு நன்றியும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. இருவரும் உள்ளே போனார்கள்.

பெண்கள் பிரிவில் இருந்தவள் முப்பது வயதுகூட இராத சிங்களப் பெண். சுபோதினிக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கேட்டதற்கெல்லாம் சிங்களத்திலேயே சொன்னாள். வாங்குகள், நடைபாதை, தாரிகா பார்த்தது, வாட்ஸ்அப்பில் எழுதியவை, எல்லாம். போனையும் எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்து கேட்டாள்.

"எப்போதிருந்து உங்களுக்கு இது தெரியும்?"

"இரண்டு வருடமாக."

"தெரிந்தும் மகளை அனுப்பினீர்களா?"

"அனுப்பினேன்."

"ஏன்?"

சோதனை, ஏ எடுக்கவேண்டும், அவரைப்போல ஆளில்லை, எல்லாரும் அனுப்பினார்கள். இரண்டு நாளைக்கு முன்னர் கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்புவித்திருப்பாள். இப்போது அவற்றைச் சொல்ல வாயைத் திறக்கவே கூசியது.

"என் மகளுக்கு நடக்காது என்பதால்," என்றாள். "நடுவில் இருந்த பிள்ளையை ஓரத்துக்கு அனுப்பியது நான். தெரிந்துதான் அனுப்பினேன். அதையும் எழுதுங்கள்."

அந்தப் பெண் குனிந்து எழுதினாள். சிங்களம் தெரிந்த பிறிஜெற்றும் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். சுபோதினி எந்த இடத்திலும் நிறுத்தவில்லை, கையெழுத்து வைத்தாள்.

வெளியே காலி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. பிறிஜெற் கோட்டைப் பக்கம் போகும் பஸ்சுக்காக நின்றாள். சுபோதினி விலகிப்போக மனமில்லாமல் கிட்டப் போனாள். கண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, நான் ஒருக்கா உங்கட வீட்டை வரட்டே? ஷெரோமியிட்ட மன்னிப்புக் கேக்கவேணும்."

பஸ் வந்து நின்றது. பிறிஜெற் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வீட்டுக்கு வராதீங்க," என்றாள். "கோட்டுக்கு வாங்க. எத்தின வருசம் இழுத்தாலும், கேஸ் கூப்பிடுற ஒவ்வொரு தவணைக்கும் வாங்க."