மொச்சை சூப்புக்கு நல்ல தண்ணீர்

அன்று மகாபலிபுரம் கடற்கரை பங்களாவில் இருந்தவர்கள்: ஓவர்சியர் பட்டாபி ஐயங்கார். சமையல்காரன் ஆபிரகாம் தை மாதம் செத்துப்போனபின் அவன் இடத்தில் சமைத்துவந்த அவன் பெண்சாதி சாராள். மெட்ராஸிலிருந்து வந்து முன்னறையில் தங்கியிருந்த வெள்ளைக்கார துரை. அப்புறம் வாட்ச்மேன் சுப்பிரமணி, அதாவது நான். முன்னே செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் இருந்து, நைட் டூட்டியைப் பாதியில் விட்டு வந்தவன்.

துரைக்குச் சாப்பாடு பிடித்தால் சாராளுக்கு வேலையும் பின்கட்டு அறையும் நிலைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை புதுச் சமையல்காரன் வருவான், அவள் வெளியேற வேண்டும். பட்டாபி காலையிலேயே சொல்லிவிட்டார். அறைச்சாவியை ஆபிரகாமைப் புதைத்த மறுநாளே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் பூட்டாத கதவுக்குப் பின்னால்தான் தூங்கினாள்.

துரை கேட்டது அவர் ஊர் சூப். காய்ந்த மொச்சையை ஹாமோடு வேகவைப்பது. ஹாம் என்றால் உப்பில் ஊறப்போட்டுப் புகை காட்டிய பன்றித்தொடை. எலும்போடு அவரே கொண்டுவந்திருந்தார். பன்றி என்பதால் பட்டாபி சமையலறையில் அடுப்பு மூட்ட விடவில்லை. சாராள் சவுக்குத்தோப்பு ஓரம் மூன்று கல் கூட்டினாள்.

மத்தியானம் முழுக்கச் சட்டி முணுமுணுத்தது. விறகுப் புகையும் கறி வாசனையும் ஒன்றாகி மணலில் படுத்துக்கிடந்தன. கடல் வெளுத்து வானத்தோடு கலந்துவிட்டது. தூரத்துக் கட்டுமரம் நிற்பது தண்ணீரிலா ஆகாயத்திலா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபடியே தூங்கினேன். ஆபிரகாம் சட்டியருகே குந்திக் கிண்டிக்கொண்டிருந்தான். செத்தவனுக்கு வியர்த்தது. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

"ருசி பாத்தியா?" என்றேன் சாராளிடம்.

"துரைக்குப் போறத எச்சி பண்ணுவாங்களா? இன்னா அண்ணாத்த நீ!"

ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ வருஷமாகியும், படையல் போட்ட வீட்டுப் பழக்கம் அவளை விடவில்லை.

"உப்பு?"

"எப்பவும் போடற மாதிரிதான்."

அகப்பையை வாங்கி நக்கினேன். வாயெல்லாம் கடல்.

"கறியிலயே உப்பு கீது. அதுமேல நீயும் போட்டுட்ட."

மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "வூடு போச்சு" என்றாள்.

பாதியை இறுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பங்களாக் கிணறு உப்பு, அதில் மொச்சை வேகாது. அதனால் காலையில் ஊருக்குள்ளிருந்து ஒரு குடம் சுமந்து வந்திருந்தாள். அது முழுக்கச் சட்டிக்குள் போய்விட்டது. துரையோ மேஜையைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்திருந்தார். அவர் குடிப்பது சோடா. பங்களாவில் மிச்சமிருந்த நல்ல தண்ணீர், பட்டாபி ஊர்க்கிணற்றில் தன் கையால் சேந்தி மூடிவைத்திருக்கும் பித்தளைக் குடத்தில்தான்.

"சாமி, உங்க தண்ணி கொஞ்சம்..." என்று சாராள் பட்டாபியிடம் போய் நின்றாள்.

"என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுண்டுதான் கேக்கறியா? பன்னிக்கறிக்கா?"

"சூப்பு கெட்டா தொரை மெட்ராஸுக்கு எழுதப்போறது உங்க பேரத்தான்" என்றேன்.

"நாக்கு பூரா விஷம்டா உனக்கு."

கருணையெல்லாம் இல்லை. பயம். குடத்தைத் தூக்கிவந்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, சாராள் பாதி இறுத்துவைத்த சட்டிக்குள் உயரத்திலிருந்து ஊற்றினார். தாரை அறாமல் விழுந்தால் தீட்டு அதன் வழியாக மேலேறும் என்று விட்டு விட்டு ஊற்றப் பார்த்தார். நிறைகுடம், கனம். தாரை அறவில்லை. வெயிலில் அது கண்ணாடிக் கயிறு மாதிரி தொங்கியது. அலைச்சத்தம்கூட நின்றுவிட்டதாகத் தோன்றியது. பிறகு குடத்தை மணலிலேயே விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடந்தார்.

துரை தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கேட்டார். சாய்வுநாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வந்த பட்டாபி துரையை ஒருமுறை எட்டிப்பார்த்தார். சாவியைப் படியில் போட்டார்.

"ரூமை வெச்சுக்கோ. குடத்தையும் நீயே வெச்சுக்கோ."

சாராள் சட்டியின் அடியை வழித்து எனக்கு வைத்தாள். குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.